கொரோனா தொற்று முடிஞ்சாச்சு, இனி அரசு கொள்முதல்ல வேகம் எதுக்கு?

உங்க கேள்வி ரெண்டே வரிதான். "தொற்று சமயத்துல அவசரம்னு சொல்லி டெண்டரே இல்லாம வாங்கினாங்க, அதை விடுங்க, இப்போ எல்லாம் முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கு அரசு கொள்முதல் வேகமா நடக்கணும்னு பேசிக்கிட்டே இருக்காங்க, வேகம்னாலே யாருக்கோ கமிஷன் போகப்போகுதுன்னுதானே அர்த்தம்?" இதுல நீங்க நிஜமா கேக்குறது, வேகமும் ஒழுங்கும் ஒண்ணா இருக்க முடியுமா, இல்ல ஒண்ணை விட்டுக்குடுத்தாதான் இன்னொண்ணு கிடைக்குமாங்கிறதுதான்னு நான் எடுத்துக்கிறேன். பல வருஷம் அரசு பக்கம் உக்காந்து டெண்டர் போட்டு, பிரிச்சு, மதிப்பீடு பண்ணி, பிறகு அதே வேலையை புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக்குடுத்தவன்ங்கிற முறையில பதில் எழுதுறேன். பொருளும் சேவையும் வாங்குறதுதான் என் அனுபவம். பாலம், அணை மாதிரி பெரிய கட்டுமானத்துல எனக்கு கைப்பழக்கம் கிடையாது, அந்தப் பகுதி வரும்போது அதை மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தை பிரிச்சுடலாம். வேகம்ங்கிற ஒரே பேர்ல ரெண்டு வேற வேற விஷயத்தை கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம். ஒண்ணு படியைத் தாண்டிக் குதிக்கிறது, அதாவது விளம்பரம் கிடையாது, போட்டி கிடையாது, ஒருத்தரைப் பிடிச்சு நேரா ஆர்டர். இன்னொண்ணு ஃபைல் மேசையில தூங்காம இருக்கிறது, எல்லாப் படியும் இருக்கும், ஆனா ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல சும்மா கிடக்கிற நாள் குறையும். தொற்று நேரத்துல நாம பாத்தது முதல் வகை. இப்போ வேணும்னு நான் சொல்றது ரெண்டாவது. உங்க சந்தேகம் முதல் வகையைப் பாத்து வந்தது, அது நியாயமான சந்தேகம்தான், ஆனா அதே சந்தேகத்தை ரெண்டாவது மேலயும் தூக்கி வெச்சுடாதீங்க.

வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு அதிகம் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு. டெண்டர் விளம்பரம் வந்த நாள்ல இருந்து விலை போடுற கடைசி நாள் வரைக்கும் இருக்கிற இடைவெளியைத்தான் எல்லாரும் "டெண்டர்னா லேட்டாகும்"னு திட்டுவாங்க, ஆனா மொத்த காலத்துல அது சின்ன பங்குதான். உலக வர்த்தக அமைப்போட அரசு கொள்முதல் ஒப்பந்தத்துல சாதாரணமா 40 நாள் குடுக்கணும், ஆனா அவசர நிலைமைன்னு காரணம் காட்டினா 10 நாள் வரைக்கும் குறைச்சுக்கலாம்னு அதே ஒப்பந்தத்துல இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2014 கொள்முதல் உத்தரவுல திறந்த டெண்டருக்கு 35 நாள், அவசரம்னா 15 நாள். போட்டியை விடாமலேயே ரெண்டு வாரத்துல விலை வாங்கிடலாம், அதுக்கு யாரும் புதுசா சட்டம் போட வேண்டியதில்லை. அப்போ மாசக்கணக்கா எங்க போகுது? விளம்பரத்துக்கு முன்னாடியும் விலை பிரிச்சதுக்கு பின்னாடியும் போகுது. என்ன வேணும்னு எழுதுற ஸ்பெக்கை மூணு பேர் மூணு விதமா திருத்துவாங்க, எஸ்டிமேட் பழைய விலைன்னு நிதிப் பிரிவு திருப்பி அனுப்பும், பட்ஜெட்ல இடம் இருக்கான்னு ஒரு கடிதம் போகும், பதில் வர்றதுக்குள்ள கையெழுத்து போட வேண்டியவர் மாறுதலாகிப் போயிருப்பார். பின்னாடி பக்கம் இன்னும் மோசம், விலை பிரிச்சாச்சு, யார் குறைச்சலா கேட்டிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒப்புதல் நோட் நாலு மேசை ஏறி இறங்கணும், நடுவுல ஒருத்தர் "ஒரு விளக்கம் கேட்கவும்"னு எழுதுவார், அந்த ஒரு வரிக்கு வாரக்கணக்கா போகும். வேகப்படுத்துறேன்னு கிளம்புற ஆட்கள் முதல்ல கை வைக்கிறது விளம்பர நாள் மேலதான், ஏன்னா சட்டத்துல எண்ணா பளிச்சுன்னு கண்ணுல படுறது அதுதான். அங்க வெட்டினா மிச்சமாகிற நாள் கொஞ்சம், இழக்கிறது நிறைய, ஏன்னா புது ஆள் ஒருத்தர் உள்ள வர்றதுக்கு இருக்கிற ஒரே சந்து அந்த நாட்கள்தான். நான் இங்க சொல்ல வர்றது மொத்தமும் இதுக்குள்ள அடங்கும்.

சரி, தொற்று ஓஞ்ச பிறகு ஏன் வேகம்? முதல் காரணம் விலை. சாதாரண காலத்துல விலை மெதுவா நகரும், ஒப்புதல் நாலு மாசம் தள்ளிப்போனாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. தொற்றுக்குப் பிறகு வந்த காலம் அப்படி இல்லை. ஷாங்காய்ல இருந்து கிளம்புற கன்டெய்னர் கட்டணத்துக்கு ஒரு குறியீடு இருக்கு, தொற்றுக்கு முன்னாடி 1,000 புள்ளிக்குப் பக்கத்துல சுத்திக்கிட்டிருந்தது, 2022 ஜனவரியில 5,000-க்கு மேல இருந்துச்சு. சிப் தட்டுப்பாடு வேற, அதனால கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி மானிட்டர் வரைக்கும் எல்லாத்துக்கும் காத்திருப்பு. ஒரு சப்ளையர் போட்ட விலை 90 நாளோ 120 நாளோதான் செல்லும். 120 நாள் செல்லுற விலைக்கு நீங்க 110-வது நாள் ஆர்டர் குடுக்கப் போனா, அதுக்குள்ள சந்தை விலை ஏறியிருந்தா அவர் அந்த விலையில குடுத்தா நஷ்டம், பின்வாங்கினா டெபாசிட் போகும். சிலர் டெபாசிட் போனா போகட்டும்னு விலகிடுவாங்க, சிலர் ஆர்டரை வாங்கிக்கிட்டு தரத்துல கை வைப்பாங்க, ரெண்டுமே பண்ணாத நல்ல சப்ளையர் அடுத்த தடவை உங்க டெண்டர் வரும்போது "இவங்க எப்படியும் நாலு மாசம் இழுப்பாங்க"ன்னு கணக்குப் போட்டு விலையை முன்னாடியே ஏத்தி வெச்சுடுவார். தாமதத்துக்குன்னு தனியா பில் எதுவும் வராது, அடுத்த டெண்டரோட விலைக்குள்ளயே அது கலந்து வரும், அதனாலதான் எந்த ஆடிட்லயும் அது மாட்டுறதில்லை.

ரெண்டாவது காரணம் பணம் குடுக்கிற வேகம், இதை நான் முதல்ல வெச்சாலும் தப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தோட 2011 உத்தரவுப்படி அரசு அமைப்புகள் பில் வந்த 30 நாளுக்குள்ள பணம் குடுக்கணும், சுகாதார அமைப்புகளுக்கு 60 நாள் வரைக்கும் சலுகை உண்டு. அமெரிக்காவுல 1982-லயே இதுக்குன்னு தனிச் சட்டம் வந்தது, நாள் தாண்டினா வட்டி. 2020 மார்ச்ல பிரிட்டன் அரசு தன்னோட துறைகளுக்கு போட்ட சுற்றறிக்கையில சப்ளையர்களுக்கு உடனே பணம் குடுங்க, தேவைப்பட்டா முன்பணமாவே குடுங்கன்னு சொல்லிச்சு, எதுக்குன்னா தொற்று முடியும்போது வாங்குறதுக்கு ஆளே இல்லாம போயிடக்கூடாதுன்னு. அந்த பயம் தொற்று முடிஞ்சதும் போயிடல. ரெண்டு வருஷம் வியாபாரம் படுத்துப்போன சின்ன கம்பெனிகிட்ட சேமிப்பு இருக்காது, ஆறு மாசம் பில்லுக்கு அலைய அதால முடியாது, பெரிய கம்பெனிக்கு பேங்க் கடன் இருக்கு, அது தாங்கும். அப்போ மெதுவா பணம் குடுக்கிற துறைக்கு காலப்போக்குல பெரிய ஆட்கள் மட்டும்தான் டெண்டர் போடுவாங்க, மூணு பேர் போட்ட இடத்துல ஒருத்தர் போடுவார். போட்டி இல்லாம போச்சேன்னு பிறகு கமிட்டி போட்டு ஆராய்வாங்க.

இங்கதான் உங்க கமிஷன் கேள்விக்கு நேரா வர்றேன். லஞ்சம் எங்க நடக்குதுன்னு பாத்தா, மெதுவா நகர்ற இடத்துல நடக்குது. பில் 20 நாள்ல தானா பாஸ் ஆகும்னா அதை நகர்த்துறேன்னு சொல்லி யாரும் காசு கேக்க முடியாது, ஆறு மாசம் கிடக்கும்னா ஒவ்வொரு மேசையும் ஒரு சுங்கச்சாவடி. நம்ம மனசுல மெதுவா நடந்தா கவனமா நடக்குதுன்னு ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கு, என் அனுபவத்துல அப்படி இல்லவே இல்லை, மெதுவா நடக்கிற ஃபைலை பெரும்பாலும் யாரும் படிக்கிறதே இல்லை. இத்தாலியில அரசு அலுவலகங்கள் ஒரே மாதிரி சாதாரண பொருளை என்னென்ன விலைக்கு வாங்கினாங்கன்னு ஒப்பிட்டு 2009-ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. அதிகமா குடுத்த பணத்துல 83 சதவீதம் யாரோட பையிலயும் போகல, சும்மா திறமைக்குறைவாலயும் விதிச் சிக்கலாலயும் வீணாப் போனதுன்னு கணக்குப் போட்டாங்க. ஒரு நாட்டோட, ஒரு காலத்தோட கணக்குதான் அது, எல்லா இடத்துக்கும் அதே எண் வரும்னு சொல்லிட முடியாது, ஆனா திருட்டை மட்டும் பிடிச்சா போதும்ங்கிற நினைப்பை அது நல்லாவே ஆட்டிடுச்சு.

மூணாவது, தொற்றுல அடிவாங்கின பொருளாதாரத்தை தூக்கி விட, காலாவதி தேதியோட வந்த மீட்புப் பணம். அமெரிக்கா 2021-ல மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் ஒதுக்கிச்சு, 2024 டிசம்பர் 31-க்குள்ள அதை ஒப்பந்தமா மாத்திடணும், 2026 முடியிறதுக்குள்ள செலவும் பண்ணிடணும்னு நிபந்தனை. ஐரோப்பாவோட மீட்பு நிதியிலயும் 2026 ஆகஸ்ட் 31-க்குள்ள இலக்கை முடிக்கணும்னு கெடு. இந்த மாதிரி பணம் கையில இருக்கும்போது முதல் ரெண்டு வருஷம் தூங்கினா கடைசி ஆறு மாசம் கண்ணை மூடிக்கிட்டு வாங்க வேண்டி வரும். அமெரிக்க மத்திய அரசு செலவை வெச்சு 2017-ல வந்த ஆய்வு ஒண்ணு, நிதியாண்டோட கடைசி வாரத்துல மத்த வாரங்களோட சராசரியை விட 4.9 மடங்கு கொள்முதல் நடக்குது, அந்த வாரத்துல ஆரம்பிச்ச ஐடி புராஜெக்ட்களோட தரம் குறைவா இருக்குன்னு காட்டிச்சு. முன்னாடி மெதுவா போனவங்கதான் கடைசியில குதிக்கிறாங்க, ரெண்டும் ஒரே வியாதி.

இப்போ நீங்க பயப்படுற முதல் வகை வேகத்துக்கு வர்றேன், ஏன்னா அதுல நடந்தது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனோட தேசிய தணிக்கை அலுவலகம் 2020 நவம்பர்ல குடுத்த அறிக்கைப்படி, அந்த வருஷம் ஜூலை 31 வரைக்கும் தொற்று சம்பந்தமா 8,600-க்கு மேல ஒப்பந்தம், 1,800 கோடி பவுண்ட், அதுல 1,050 கோடி பவுண்டுக்கு போட்டியே இல்லாம நேரடியா குடுத்தது. நேரடியா குடுத்ததே தப்புன்னு நான் சொல்லமாட்டேன், எதிர்பாராத கடுமையான அவசரத்துக்கு அந்த வழி சட்டத்துல இருக்கு, 2020 மார்ச்-ஏப்ரல்ல வேற வழியும் இல்லை. தப்பாப் போனது அங்க வெச்சிருந்த ஒரு தனிப் பாதை. எம்.பி., அமைச்சர், அதிகாரின்னு உள்ளுக்குள்ள இருந்து சிபாரிசு வந்த கம்பெனிகளை ஒரு தனி வரிசையில வெச்சாங்க, அந்த வரிசையில 10-க்கு ஒருத்தருக்கு ஒப்பந்தம் கிடைச்சது, சாதாரண வரிசையில 100-க்கு ஒருத்தருக்குக் கூட கிடைக்கல. 2022 ஜனவரியில லண்டன் உயர் நீதிமன்றம் அந்தப் பாதையை நடத்தினது சட்டவிரோதம்னு சொல்லிச்சு, கூடவே அந்த வழக்குல வந்த கம்பெனிகளுக்கு எப்படியும் ஒப்பந்தம் கிடைச்சிருக்கும்னும் சொல்லிச்சு. இந்த ரெண்டாவது பாதியை நிறைய பேர் விட்டுட்டு பேசுவாங்க.

அதே மாதிரி பாதியா பேசப்படுற இன்னொரு எண் இருக்கு. 2020-21-ல பாதுகாப்பு உடை, மாஸ்க், கையுறைக்கு பிரிட்டன் செலவழிச்ச 1,210 கோடி பவுண்டுல 870 கோடியை பிறகு மதிப்பிழப்பா எழுதித் தள்ளினாங்க. கேட்டதும் "பாத்தியா, எல்லாம் திருட்டு"ன்னு தோணும். பிரிச்சுப் பாத்தா அதுல 470 கோடி, உச்ச விலையில வாங்கி பிறகு சந்தை விலை விழுந்ததால வந்த கணக்கு. உபயோகத்துக்கே ஆகாதது, ஆஸ்பத்திரிக்கு ஒத்துவராதது, தேதி முடிஞ்சது எல்லாம் சேந்து மீதி. அந்த 470 கோடிக்கு டெண்டரை வேகமா போட்டதையோ மெதுவா போட்டதையோ காரணம் சொல்ல முடியாது, உலகமே ஒரே நாள்ல ஒரே பொருளைத் தேடி சந்தைக்கு போச்சு, முன்னாடியே ஒப்பந்தமோ போதுமான கையிருப்போ இல்லாம போனவங்க அந்த விலையைக் குடுத்தாங்க. நேரம் வீணானது 2020-ல இல்லை, அதுக்கு முந்தின அஞ்சு பத்து வருஷத்துல.

ஜெர்மனி கதை இன்னும் பாடமானது, நான் சொல்லிக்குடுக்கும்போது தவறாம இதை எடுப்பேன். 2020 மார்ச் கடைசியில அங்க சுகாதார அமைச்சகம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு: எஃப்.எஃப்.பி.2 வகை (கிருமியை நல்லா வடிகட்டுற) மாஸ்க் ஒண்ணுக்கு 4.50 யூரோ, வரி தனி, ஏப்ரல் 30-க்குள்ள கொண்டு வர்ற யாரா இருந்தாலும் நாங்க வாங்கிக்கிறோம். பேச்சுவார்த்தை கிடையாது, தேர்வு கிடையாது, எல்லாருக்கும் ஒரே விலை. படிக்கும்போது எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க, சிபாரிசுக்கே இடமில்லை, வேகம்னா அவ்வளவு வேகம். ஓட்டை எங்கன்னா, மொத்தம் எவ்வளவு வரைக்கும் வாங்குவோம்னு ஒரு உச்சவரம்பு போடல. கொஞ்ச நாள்லயே எதிர்பார்த்ததை விட பல மடங்கு வந்து குவிஞ்சது, ஏப்ரல் முதல் பாதியிலயே கதவை மூடிட்டாங்க, வந்த சரக்கை சோதிக்க ஆள் இல்லை, இறக்கி வைக்க இடம் இல்லை, தரம் சரியில்லைன்னு பணத்தை நிறுத்தினாங்க, சப்ளையர்கள் கோர்ட்டுக்கு போனாங்க, வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு. அந்த நாட்டு தணிக்கை நீதிமன்றம் பிறகு பாத்தப்போ எல்லா வழியிலயும் சேத்து 500 கோடிக்கு மேல மாஸ்க் வாங்கியிருக்காங்க, கிட்டத்தட்ட 600 கோடி யூரோ, அதுல பெரும் பங்கு யார் முகத்துக்கும் போகவே இல்லை. ஆர்டர் குடுக்கிற முனை மட்டும் வேகமா ஓடுச்சு, வாங்கி, சோதிச்சு, பணம் குடுக்கிற முனை பழைய நடையிலயே நின்னுச்சு. ஒரு முனையை மட்டும் வேகப்படுத்தினா தாமதம் ஒழியாது, வேற இடத்துல வட்டியோட வந்து உக்காரும்.

வேகம் நல்லபடியா நடந்த இடங்கள்ல என்ன இருந்துச்சு? தென்கொரியாவை எடுங்க. 2015-ல அங்க மெர்ஸ்ங்கிற சுவாசத் தொற்று வந்து ஆட்டிப் பாத்துச்சு, அதுல பரிசோதனை கிட் அனுமதி தாமதமானதைப் பாத்துட்டு அவசர அனுமதிக்குன்னு ஒரு முறையை 2016-ல உருவாக்கி வெச்சாங்க. 2020 ஜனவரி 27-ம் தேதி சியோல் ரயில் நிலையத்துல ஒரு அறையில கிட் தயாரிக்கிற கம்பெனிகளை உக்கார வெச்சு பேசினாங்க, பிப்ரவரி 4-ம் தேதி முதல் கிட்டுக்கு அனுமதி. எட்டே நாள்னு எல்லாரும் வியந்தாங்க, எனக்கு அது நாலு வருஷமும் எட்டு நாளும். அமெரிக்காவுல 2020 ஜூலையில ஃபைசர்கிட்ட 10 கோடி டோஸுக்கு 195 கோடி டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க, அப்போ தடுப்பூசி வேலை செய்யுமான்னே தெரியாது, ஆனா அனுமதி கிடைச்சு சரக்கு கைக்கு வந்தாதான் பணம்னு எழுதினாங்க. யார் எந்த ரிஸ்க்கை சுமக்கிறாங்கன்னு ஒப்பந்தத்துல தெளிவா இருந்தா சீக்கிரம் கையெழுத்து போடுறது ஆபத்தே இல்லை. இதுக்கு நேர் எதிரா, ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கணும்னு உலக அளவுல வெச்ச கோவாக்ஸ் ஏற்பாடு, 2021-க்குள்ள 200 கோடி டோஸ் இலக்கு வெச்சு 100 கோடியாவது டோஸை 2022 ஜனவரி நடுவுலதான் அனுப்ப முடிஞ்சது. ஏற்றுமதித் தடைகள் ஒரு காரணம், அதை விட அடிப்படையானது, பணக்கார நாடுகள் வரிசையில முன்னாடி நின்னப்போ இவங்க கையில தயாரா காசு இல்லை, அப்போதான் திரட்டிக்கிட்டு இருந்தாங்க.

இனி யாரும் வெளிப்படையா பேசாத ஒண்ணு, பயம். அதிகாரி ஏன் ஃபைலை வெச்சுக்கிட்டு இருக்கார்னா பாதி நேரம் சோம்பேறித்தனம் இல்லை. கையெழுத்து போட்டா பத்து வருஷம் கழிச்சும் கேள்வி வரும், போடாம வெச்சிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க. இதுல புத்திசாலி யாரா இருந்தாலும் எதைத் தேர்ந்தெடுப்பாங்க? இத்தாலி 2020 ஜூலையில ஒரு அவசரச் சட்டத்துல இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுச்சு. செஞ்ச காரியத்தால அரசுக்கு நஷ்டம் வந்தா, வேணும்னே பண்ணியிருந்தாதான் அதிகாரி சொந்தப் பணத்துல பொறுப்பு, ஆனா செய்யாம விட்டதால நஷ்டம் வந்தா பழையபடி பெரிய அலட்சியத்துக்கும் பொறுப்பு. தற்காலிகம்னு வந்தது, பல தடவை நீட்டினாங்க. அது எவ்வளவு தூரம் வேகம் குடுத்துச்சு, எவ்வளவு தூரம் கண்டிப்பைக் குறைச்சுச்சுன்னு அங்கயே சண்டை இருக்கு, எனக்கும் முழுசா ஒப்புதல் இல்லை, ஆனா எந்தப் பக்கம் பயம் இருக்கணும்னு யோசிச்ச விதம் சரி. இதை விட உறுதியான ஆதாரம் பாகிஸ்தானோட பஞ்சாப் மாகாணத்துல நடந்த சோதனை, 2021-ல பிரசுரமாச்சு. கொள்முதல் அதிகாரிகள்ல ஒரு பகுதிக்கு கையில கொஞ்சம் அதிகப் பணமும் குறைஞ்ச ஆவணப் பட்டியலும் குடுத்தாங்க, அதாவது ஆடிட் பக்கம் இருந்த அதிகாரத்துல கொஞ்சத்தை வாங்குறவர் பக்கம் நகர்த்தினாங்க. விலை சுமார் 9 சதவீதம் குறைஞ்சது, தரம் குறையல, அதுவும் எந்த மாவட்டத்துல பில் ஒப்புதல் ரொம்ப தாமதமாகுமோ அங்க பலன் அதிகம். அங்க வாங்கினது பேப்பர், டோனர் மாதிரி சின்னச் சின்ன சாமான், அதே கதை கோடிக்கணக்கான கருவி வாங்கும்போதும் நடக்கும்னு இதை வெச்சு சொல்லிட முடியாது.

இத்தாலியோட ஜெனோவா பாலத்தைப் பத்தி யாராவது எடுப்பாங்க, அதனால ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் 14 விழுந்துச்சு, 43 பேர் இறந்தாங்க, புதுப் பாலம் 2020 ஆகஸ்ட் 3 திறந்தாச்சு, தனி ஆணையர் வெச்சு பெரும்பாலான கொள்முதல் விதிகளுக்கு விலக்கு குடுத்து கட்டினது. அந்த மாதிரியே எல்லாத்தையும் கட்டலாமேன்னு கேப்பாங்க. பணம் குடுக்கிற பொறுப்பு அங்க நெடுஞ்சாலையை நடத்தின கம்பெனி தலையில விழுந்துச்சு, நாட்டோட கண்ணும் அந்த ஒரு வேலை மேலதான் இருந்துச்சு. நூறு வேலை ஒரே நேரத்துல நடக்கும்போது அது ஒத்துவராதுன்னுதான் எனக்கு தோணுது, ஆனா முன்னாடியே சொன்னேன், கட்டுமானம் என் துறை இல்லை.

சந்தேகமா இருக்கிற மத்த விஷயங்களையும் சொல்லிடுறேன். எல்லாத்தையும் ஆன்லைனுக்கு மாத்தினா தானா வேகம் வந்துடும்னு ஒரு நம்பிக்கை, அதை நான் பாதிதான் ஒத்துக்குவேன். இந்தியாவுலயும் இந்தோனேசியாவுலயும் மின்னணு டெண்டர் வந்ததை ஆராஞ்சு 2016-ல வந்த கட்டுரை, இந்தியாவுல சாலையோட தரம் கூடுச்சு, இந்தோனேசியாவுல வேலை முடியிற தாமதம் குறைஞ்சது, ஆனா விலை குறைஞ்சதுக்கு ரெண்டு இடத்துலயும் ஆதாரம் இல்லைன்னு சொல்லிச்சு. வெளியூர் ஆள் உள்ள வர முடிஞ்சதுதான் பலனுக்கு காரணம்னு நான் படிச்சுக்கிட்டேன். நாலு மேசை ஒப்புதலை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினா நாலு லாகின் ஒப்புதலாகும், அவ்வளவுதான். அதே மாதிரி, அவசரமா நேரடியா வாங்கினதால விலை எவ்வளவு ஏறுச்சுங்கிற கணக்கும் சுத்தமா பிரிக்க முடியாதது, ஏன்னா அவசரமும் தட்டுப்பாடும் ஒரே நாள்ல வந்துச்சு. பொலிவியாவுல 2020 மே மாசம் வெண்டிலேட்டர் கொள்முதல் விவகாரத்துல சுகாதார அமைச்சரையே கைது பண்ணினாங்க, அந்த மாதிரி அப்பட்டமானது தெரியும், நடுவுல கிடக்கிற பெரும் பகுதியில எது பேராசை எது பதட்டம்னு சொல்றது கஷ்டம்.

உறுதியா சொல்லக்கூடியது ஒண்ணு, வேகமா வாங்குறவங்க வெளியிடுறதுலயும் வேகமா இருக்கணும், அதுக்கு செலவே கிடையாது. உக்ரைன்ல 2020-ல தொற்று கொள்முதலுக்கு டெண்டர் வேண்டாம்னு விலக்கு குடுத்தாங்க, ஆனா ஒப்பந்தம் போட்ட ஒரு நாளுக்குள்ள புரோஜோரோங்கிற அரசு கொள்முதல் இணையதளத்துல விவரத்தைப் போடணும்னு கட்டாயம். பிரிட்டன்ல 30 நாளுக்குள்ள வெளியிடணும்ங்கிற விதி இருந்தும் போடல, 2021 பிப்ரவரியில உயர் நீதிமன்றம் அதை சட்டமீறல்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கப்புறம் அங்க வந்த 2023 கொள்முதல் சட்டம், 2025 பிப்ரவரி 24-ல இருந்து அமல், நேரடியா ஒருத்தருக்கு குடுக்கப்போறதா இருந்தா குடுக்கிறதுக்கு முன்னாடியே அறிவிப்பு போடணும்னு வெச்சிருக்கு. அவசரக் கதவு மூடப்படல, அது திறக்கிற சத்தம் வெளிய கேக்கணும், அவ்வளவுதான்.

அதனால உங்க ஊர் அரசோட கொள்முதலை நீங்களே எடை போடணும்னா டெண்டர் நாள் எத்தனைன்னு பாக்காதீங்க. தேவைன்னு முதல் கடிதம் போன தேதி, விளம்பரம் வந்த தேதி, ஆர்டர் குடுத்த தேதி, சரக்கு வந்து சோதிச்ச தேதி, பணம் போன தேதி, இந்த அஞ்சையும் தகவல் கேக்குற உரிமை இருக்கிற இடத்துல கேட்டு வாங்குங்க, எந்த இடைவெளி பெருசுன்னு பத்து ஒப்பந்தம் பாத்தாலே தெரிஞ்சுடும். போட்டி இல்லாம நேரடியா குடுத்த ஒப்பந்தமா இருந்தா அந்தக் காரணப் பத்தியை மட்டும் படிங்க. சர்வதேச விதிகள்ல பொதுவா அவசரம்ங்கிறது முன்கூட்டி தெரிஞ்சிருக்க முடியாத நிகழ்வால வந்திருக்கணும், நாடுகள் பாத்து எழுதிக்கிறதுக்காக ஐ.நா. போட்ட 2011 மாதிரி கொள்முதல் சட்டத்துல அவசரமா பேசி வாங்குற முறைக்கு இன்னும் ஒரு படி மேல போய், வாங்குற துறை தானே இழுத்தடிச்சதால வந்த அவசரமா இருக்கக்கூடாதுன்னே எழுதியிருக்காங்க. தொற்றைக் காரணம் காட்டி இன்னைக்கு ஒரு துறை நேரடியா ஆர்டர் குடுத்தா அந்த தேவை எப்போ தெரிய வந்துச்சுன்னு கேளுங்க, ஒரு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும்னா அது அவசரம் இல்லை, அந்த ஒரு வருஷமும் ஃபைல் எந்த மேசையில இருந்துச்சுங்கிறதுதான் கேள்வி.